பதினாறாவது பிள்ளை

வருஷத்துக்கு எத்தனை நாள் இருந்தாலும் திருவனந்தபுரத்துத் தமிழ் டீச்சர்கள் பயப்படுகிற நாள் ஒன்றுதான். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள். அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று சர்க்கார் முடிவு செய்யும். தமிழ்ப் பிரிவில் பதினைந்து பேர் இருந்தால் டீச்சர் இருப்பாள். பதினாலு என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் கழித்து ஐம்பது பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றாலும் பிரயோஜனம் இல்லை, அதற்குள் கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டியிருக்கும்.

அந்த ஆறாம் நாள் காலை ஒன்பதரைக்குள் சுசீலாபாய் வகுப்பை நான்கு தடவை எண்ணிவிட்டாள். வலியசாலைப் பக்கத்தில் ஒரு பழைய தொடக்கப் பள்ளி அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். பெயர்ப்பட்டியலில் பதினாறு. பெஞ்சில் பதினைந்து. வராதவள் இசக்கி. கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் உச்சிமாகாளியின் மகள், மூன்றாம் வகுப்பு. ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று மே கடைசியில் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பள்ளி திறந்த பிறகு ஒரு நாளாவது பிள்ளை வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வராத பிள்ளை, இல்லாத பிள்ளை.

ஆனாலும் சுசீலாபாய்க்கு அன்று காலை அவ்வளவாகப் பதற்றம் இல்லை. இசக்கி வராவிட்டாலும் பதினைந்து இருக்கிறதே. பட்டியலில் வேண்டியதற்கு மேல் ஒன்று கையிருப்பு. அந்தக் கையிருப்புப் பிள்ளையைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

யாருக்கும் என்றால், அவள் காரியதரிசியாக இருக்கும் தமிழாசிரியர் சங்கத்தில் யாருக்கும். மாவட்டத்தின் தெற்குப் பாதியில் தமிழ் டீச்சர்கள் ஒன்பது பேர், சங்கமும் அந்த ஒன்பது பேர்தான். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஆகஸ்டிலும் வந்து சேராத தமிழ்ப் பாடப்புத்தகத்துக்கு மனு எழுதுவது அது. கேள்வித்தாளை மலையாளத்தில் மட்டும் அனுப்பிவிட்டு மறந்துபோகிற ஆபீசில் போய் நின்று வாங்கி வருவது அது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆறாம் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் கூடி, அவரவர் வகுப்பில் எத்தனை பிள்ளை என்று சொல்லும் கூட்டத்தை நடத்துவது அது. கூடுதலாக வைத்திருப்பவர் குறைந்திருப்பவருக்கு ஒரு பிள்ளையை விட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு பள்ளிக்கும் நடுவில் குடியிருக்கிற ஏதாவது ஒரு குடும்பத்திடம் பேசி, பிள்ளையை மாற்றிச் சேர்த்தால் ஒரு வேலை பிழைக்கும். இப்படி எத்தனையோ வேலை பிழைத்திருக்கிறது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் நல்ல மனசோடு தன்னுடைய ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே இன்னொரு பிள்ளை ஊருக்குப் போய்விட, தானே வேலையிழந்து விழுந்தாள். அந்த வருஷத்திலிருந்து எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது. கூட்டத்தில் உண்மையான கணக்கை யாரும் சொல்வதில்லை, ஒன்றைக் குறைத்துச் சொல்கிறார்கள். போன ஞாயிறு அப்படித்தான் ஒன்பது பேரில் எட்டுப் பேர் "பதினைந்து, சரியாகப் பதினைந்து" என்றார்கள். சாமியே இறங்கி வந்து பங்கு வைத்தாலும் இத்தனை கச்சிதமாக அமையாது. அந்த எட்டில் சுசீலாபாயும் ஒருத்தி.

காரியதரிசிக்கு இந்தத் தில்லுமுல்லு தெரியாதா? நன்றாகத் தெரியும். தானே செய்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? அதனால் அவர்கள் சொல்லச் சொல்ல, நோட்டில் ஒன்று கூட்டியே எழுதிக்கொள்வாள். பதினைந்து என்றால் பதினாறு. பதினாலு என்றால் பதினைந்து. யாரையும் பொய்க்காரி என்று சொல்ல வேண்டாம், யார் மனசும் நோக வேண்டாம், கணக்கும் சரியாக இருக்கும். தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. மணக்காட்டுப் பள்ளியிலிருந்து ஜெபமலர். போன செப்டம்பரில்தான் வேலையில் சேர்ந்தவள், சங்கத்தில் இது அவளுடைய முதல் ஜூன். கூட்டத்தில் பதினாலு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். குரல் இறங்கியிருந்தது. டீச்சர் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பீர்கள் என்று நேற்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் வரவில்லை, இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கணக்கு கொடுக்க வேண்டுமே, என்றாள்.

"உனக்குப் பதினைஞ்சு இருக்குல்லா?" என்று கேட்டாள் சுசீலாபாய்.

"இல்ல டீச்சர். பதினாலுதான். அன்னைக்கே சொன்னேன்லா."

"சொன்ன. உள்ளது எவ்வளவு?"

ஜெபமலர், கேள்வி விளங்காதவளாக, "உள்ளதைத்தானே டீச்சர் சொன்னேன்" என்றாள்.

சுசீலாபாய் போனைக் காதில் வைத்தபடியே வராந்தாவுக்கு வந்து தூணில் சாய்ந்து நின்றாள். புதுசாக வந்த பெண்ணுக்கு இவர்களுடைய வழக்கம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே சொல்லக்கூடிய வழக்கமா அது? அவள் பதினாலு வைத்துக்கொண்டு பதினாலு என்று சொன்னாள். இவள் ஒன்று கூட்டிப் பதினைந்து என்று எழுதி, அவளுக்கு ஆபத்தில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள். எட்டுப் பொய்யையும் சரியாகக் கண்டுபிடித்த காரியதரிசி, இருந்த ஒரே உண்மையில் கோட்டை விட்டாள்.

வேலை போனால் ஜெபமலருக்கு வேறு போக்கிடம் இல்லை. பழைய ஆட்களுக்குச் சர்க்கார் பாதுகாப்பு உண்டு. பிரிவு விழுந்தாலும் காலியிடம் இருக்கிற வேறு ஏதாவது பள்ளிக்கு அனுப்புவார்கள். புதியவர்களுக்கு அது கிடையாது, நாளை முதல் வீடுதான். ஆறு வருஷம் காத்திருந்து வாங்கின வேலை என்று சேர்ந்த அன்று ஜெபமலர் லட்டு கொண்டுவந்து கொடுத்தது சுசீலாபாய்க்கு ஞாபகம் வந்தது. "பத்து நிமிஷம் பொறு, பிள்ளை ஒண்ணு அனுப்புதேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பத்து நிமிஷம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாளே தவிர, பிள்ளை எங்கே இருக்கிறது? மணக்காட்டுக்குப் பக்கம் என்றால் ஸ்ரீவராகம். அங்கே பகவதிப்பெருமாள் சார். அவருக்குப் போன் போட்டாள். சார் தன் வகுப்பில் சரியாகப் பதினைந்துதான் என்றும், ஒன்றைக் கொடுத்தால் தான் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்றும், மூன்று வருஷத்தில் ரிட்டயர் ஆகிற மனிதனிடம் இதைக் கேட்கலாமா என்றும் குறைப்பட்டுக்கொண்டார். சாருக்குப் பதினாறு என்று அவருடைய பள்ளி ஆயாவே சொல்லியிருந்தாள். கழக்கூட்டத்தில் ஸ்ரீப்ரியா. அவள் வகுப்பு, பெரிய பெரிய கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளால்தான் நிறைகிறது. அவளும் அம்மாமேல் ஆணையாகப் பதினைந்து என்றாள். அங்கிருந்து ஒரு பிள்ளையைப் பேருந்து மாற்றி மணக்காட்டுக்குக் கொண்டுவருவது எப்படியும் நடக்காது என்பதால் சுசீலாபாய் அவளை மேலே கேட்கவில்லை. இன்னும் மூன்று பேருக்குப் போட்டாள். இரண்டு பேர் பதினைந்து என்றார்கள். ஒருத்தி எடுக்கவே இல்லை.

எரிச்சல் தலைக்கேறியது. எல்லாரும் பொய் சொல்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால், அப்படியானால் உன்னிடம் எத்தனை என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

மணி பத்தே முக்கால். சுசீலாபாய் வகுப்புக்குள் பார்த்தாள். இரண்டாவது பெஞ்சில் அபிநயா, பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பொன்செல்வி கிள்ளிப்பாலத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வீடு இரண்டு பள்ளிக்கும் நடுவில். அந்தப் பிள்ளை மணக்காட்டுக்குப் போனால் ஒரு குறையும் இல்லை, நடக்கிற தூரம் கூடக் குறையும். இது சுசீலாபாய்க்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். தெரிந்துதான் அந்தப் பெயரை வாயைத் திறந்து சொல்லவில்லை.

அபிநயா போனால் இவளிடம் பதினாலு. இசக்கி வந்தால் பதினைந்து. வராவிட்டால் இவள் விழுவாள். பாதுகாப்பு இருக்கிறதே என்று ஊரார் சொல்லலாம். தமிழ் டீச்சருக்குக் காலியிடம் எங்கே இருக்கும்? இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகளில். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து கணவர் வேலாயுதனுக்கு வலது கை தூக்க முடியாது. காலையில் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றைப் பிசைந்து மூடி வைத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருகிறாள். அந்த மனிதரை எந்த மலையில் ஏற்றுவது, யார் பார்ப்பது? அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

உச்சிமாகாளிக்குப் போன் போட்டாள். ரயில் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"வந்துக்கிட்டேதான் இருக்கோம் டீச்சரம்மா. நாரோயில்ல ஏறியாச்சு. பாறசாலை தாண்டிட்டு. பதினொன்றரைக்கெல்லாம் பிள்ளையக் கொண்டாந்து விட்டுருவேன்."

பாறசாலையிலிருந்து முக்கால் மணி நேரம். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பொன்செல்விக்குப் போன் போட்டு வரச் சொன்னாள்.

பொன்செல்வி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும், அந்த டீச்சருக்கு வேலை போகும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு என்ன, என் பிள்ளை எங்கே படித்தாலும் படிப்புதானே என்றாள். அவ்வளவு எளிதாக அவள் சொன்னது சுசீலாபாய்க்குச் சங்கடமாக இருந்தது. அபிநயா பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி, "நான் என்ன டீச்சர் தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை என்று சொல்லி அவள் தலையைத் தடவி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் அஞ்சு டீச்சர் பெயரை மாற்றி அனுப்பியபோது மணி பதினொன்று பத்து. பதினைந்து நிமிஷத்தில் ஜெபமலர், பிள்ளை வந்துவிட்டாள், பெயரை ஏற்றியாயிற்று என்று செய்தி அனுப்பினாள்.

சுசீலாபாய் உடனே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "கூட்டத்தில் நான் பதினைந்து என்று சொன்னது பொய். பதினாறு இருந்தது. ஒன்றை ஜெபமலருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது என்னிடம் பதினாலுதான் உறுதி, பதினைந்தாவது பிள்ளை ரயிலில் வருகிறது. உங்களில் யாரிடமாவது ஒன்று கூடுதலாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள்."

படித்ததற்கு அடையாளமாக நீல நிறக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாரும் படித்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றரைக்கு உச்சிமாகாளியைக் கூப்பிட்டாள். நேமத்தில் வண்டி நிற்கிறது, எதிரே ஏதோ வண்டி வர வேண்டுமாம் என்றான். இறங்கி ஆட்டோ பிடி என்றாள் சுசீலாபாய், காசு நான் தருகிறேன். அவன் இறங்கப் போனான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது, இனி ஆட்டோ வேண்டாம் என்றான். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டால் மறுபடி நிற்கிறதாம். இந்தத் தடவை ஸ்டேஷனும் இல்லை, இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இசக்கி ஏதோ பாடுவது போனில் கேட்டது.

சுசீலாபாய்க்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இரைச்சல் போட்டார்கள், அதட்டத் தோன்றவில்லை. ஹெட்மாஸ்டர் பட்டாபி சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்ரீவராகத்திலிருந்து வலியசாலைக்கு ஸ்கூட்டரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். பகவதிப்பெருமாள் சார் ஒரு பிள்ளையோடு இப்போது புறப்பட்டாலும் வந்துவிடலாம். இப்போது புறப்பட்டாலும். இப்போதும்.

பதினொன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. சார்தான் என்று பாய்ந்து எடுத்தாள். ஜெபமலர்.

"டீச்சர், குரூப்புல இப்பத்தான் பார்த்தேன். நான் இன்னும் கணக்கைப் பூட்டல. அபிநயா பேரைத் திருப்பி அனுப்பட்டா? ஒரு நிமிஷ வேலைதான்."

சரி என்ற வார்த்தை சுசீலாபாயின் நாக்கு நுனிவரை வந்தது. பொய்யில்லை, வந்தது. ஒரு நிமிஷ வேலை. மலை இல்லை, தேயிலைத் தோட்டம் இல்லை, வேலாயுதனின் சட்டைப் பட்டன் எப்போதும்போல அவள் கையில். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். தெருவில் ஆட்டோ எதுவும் வரவில்லை.

"வேண்டாம். நீ பூட்டு."

"டீச்சர்..."

"பூட்டிட்டு எனக்குச் சொல்லு, கேட்டியா? வேற ஒண்ணும் பேசாதே."

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அஞ்சு டீச்சர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்தபடி கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சரே, பன்னிரண்டு ஆவுன்னு. இனியும் காக்கணோ?" என்று, இன்னும் காத்திருக்க வேண்டுமா என்ற அர்த்தத்தில், மலையாளத்தில் மெல்லக் கேட்டாள். சுசீலாபாய் தலையை மட்டும் அசைத்தாள். திரையில் பதினாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பூட்டு விழுந்தது. சத்தம்கூட இல்லை.

பன்னிரண்டு நாலுக்குக் குழுவில் முதல் செய்தி வந்தது. பகவதிப்பெருமாள் சார். தன்னிடமும் ஒன்று கூடுதலாக இருந்ததாகவும், எழுத நினைத்தும் கை ஓடவில்லை என்றும், டீச்சர் மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அடுத்து ஸ்ரீப்ரியா, என்னிடமும் ஒன்று. அப்புறம் வரிசையாக வந்தன, ஒன்று, ஒன்று, ஒன்று. ஏழு பேரும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் உண்மை சொல்ல யாருக்குத்தான் தைரியம் இல்லை? ஆனால் சுசீலாபாய்க்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு அந்தப் பயத்தைப் பழக்கிவிட்டு, அதன்மேல் ஒன்று கூட்டி எழுதி, சங்கம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது யார்? அவள் அழுதாள். பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

பன்னிரண்டு பதினெட்டுக்கு உச்சிமாகாளி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். இசக்கி புதுச் சீருடையில், கொடைக்கு எடுத்த வளையல் கைநிறைய. ரயிலில் வைத்தே உடுப்பை மாற்றிவிட்டார்களாம், நேரம் மிச்சம் ஆகட்டும் என்று. "பிந்திட்டா டீச்சரம்மா?" என்றான். அவன் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றும் பிந்தவில்லை, பிள்ளை வந்துவிட்டாளே, சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, உள்ளே போய் உட்காரச் சொல்லு என்றாள்.

அதன் பிறகுதான் ஜெபமலர் கூப்பிட்டாள். பதினைந்தில் பூட்டிவிட்டதாகச் சொன்னாள். தன்னால்தானே இப்படி ஆயிற்று என்றாள். இல்லை என்றாள் சுசீலாபாய். பிறகு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: எல்லாரும் ஒன்று குறைத்துச் சொல்வதை, தான் ஒன்று கூட்டி எழுதுவதை, அவள் சொன்ன பதினாலைப் பதினைந்து என்று எழுதி வைத்ததை.

கடைசியில் ஜெபமலர் தயங்கித் தயங்கி, "அப்ப அடுத்த வருஷம் கூட்டத்துல நானும் ஒண்ணு குறைச்சுத்தான் சொல்லணுமா டீச்சர்?" என்றாள்.

பரிகாசமாகக் கேட்கவில்லை. வேலை கற்றுக்கொள்கிற பெண், முறை எப்படி என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சுசீலாபாய்க்கு அன்றைக்குப் பட்ட அத்தனையிலும் இதுதான் அதிகம் வலித்தது.

"வேண்டாம் மக்களே. அடுத்த வருஷம் நான் எந்த மலையில இருப்பேனோ தெரியாது. நோட்டை உன்கிட்டத் தந்துட்டுப் போறேன், இனி நீதான் எழுதணும். அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுது. ஒண்ணும் கூட்டாதே."